கசிவு இல்லை என்றதும் முகம் வாடியவர்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என் மானத்தை வாங்க வேண்டாம்.

என் வண்டியில் ஹார்ன் அடிக்கவில்லை என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்திருந்தேன். நாற்காலிக்கு மூன்றே கால். நான்காவதுக்குப் பதிலாகச் செங்கல். எதிரே பதினெட்டு வயதான ஒரு எஸ்.யூ.வி. வாயைப் பிளந்துகொண்டு நின்றது. மெக்கானிக் அதன் ரேடியேட்டரில் கைப்பம்பை மாட்டிக் காற்றை ஏற்றிவிட்டு, அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் ஆகியும் முள் இறங்கவில்லை.

"நல்ல சேதி சார். எங்கயும் லீக் இல்ல" என்றார்.

வண்டிக்காரரின் முகம் சட்டென்று வாடிவிட்டது. "நல்லா பாத்தீங்களா? இன்னொரு தரம் பாருங்களேன்" என்றார்.

நான் பார்த்தது இவ்வளவுதான். ஹார்ன் சரியானது, வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்த முகமும் கூடவே வந்துவிட்டது. மீதி எல்லாம் என் புளுகு.

2

தொடக்கம் எழுதுவதற்குள் தாவு தீர்ந்துவிட்டது.

ஒன்று: "அதிகாலைப் பனியில் அந்தப் பழைய வாகனம் காயம்பட்ட யானையைப் போல மெல்ல" (வேண்டாம். யானைக்கு யார் பானட் வைத்தார்கள்?)

இரண்டு: "கூலன்ட் என்பது என்ஜினின் சூட்டை வாங்கிக்கொண்டு, ரேடியேட்டருக்குப் போய் ஆறி, மறுபடி திரும்பி வரும் பச்சைத் திரவம். அது குறைந்தால் என்ஜின் கொதிக்கும். கொதித்தால் மலைப்பாதையில்" (பாடப் புத்தகம். ஆனால் விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இருந்துவிட்டுப் போகட்டும்.)

மூன்று: "லிஃப்ட் இன்ஸ்பெக்டரின் மகளுக்கு மலைமேல் வேலை கிடைத்தது."

அப்பாடா. இதை வைத்துக்கொள்வோம்.

3

லிஃப்ட் இன்ஸ்பெக்டரின் மகளுக்கு மலைமேல் வேலை கிடைத்தது. அவள் மாட்டு டாக்டர். நாற்பத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே ஒரு கால்நடை மருத்துவமனை. அங்கிருந்து பண்ணை பண்ணையாகப் போக வண்டி வேண்டும். ஒன்றாம் தேதி வண்டியோடு வந்து சேராவிட்டால் வேலை பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"நம்ம வண்டிய எடுத்துக்கறேன்ப்பா."

"கண்டிஷன்ல இருந்தா தாராளமா எடுத்துட்டுப் போ" என்றார் அப்பா.

அவர் வாய்தவறிச் சொன்னதாகத்தான் முதலில் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். இன்ஸ்பெக்டர் வாய்தவறுகிற ஆள் இல்லை. முப்பத்தொரு வருஷமாக லிஃப்டின் கம்பிவடத்தையும் பிரேக்கையும் சோதித்து, தேதி, அளவு, கையெழுத்து என்று மூன்றும் போட்டுச் சான்றிதழ் கொடுத்தவர். வீட்டில் இருமல் மருந்து பாட்டிலில்கூடத் திறந்த தேதி எழுதி ஒட்டுவார். இப்படிப்பட்டவர் பொய் சொல்லுவார் என்று யார் நம்புவார்கள்? நானே நம்பவில்லை. இந்தக் கதையில் என்னுடைய முதல் தப்பு அதுதான்.

மறுநாள் முதல் வண்டியில் கூலன்ட் குறைய ஆரம்பித்தது.

4

மெக்கானிக்குக் 'காது' என்று பட்டப்பெயர். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை என்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார். இந்த வண்டியிடம் அவர் பாச்சா பலிக்கவில்லை.

"அடியில அட்டை விரிச்சுப் பாத்தேன், ஒரு சொட்டு இல்ல. சைலன்சர்ல வெள்ளைப் புகை வரல, அதனால உள்ள எரியல. ஆயில் பால் மாதிரி ஆகல, அதனால அதுலயும் கலக்கல. ஆனா தெனம் அரை லிட்டருக்கு மேல காணோம். எங்க சார் போவுது?"

"அதைத்தான் உங்ககிட்ட கேக்க வந்தேன்" என்றார் இன்ஸ்பெக்டர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

காது விடுவாரா? ரேடியேட்டர் மூடியைக் கழற்றினார். ரப்பர் வெடித்திருந்தது, மாற்றினார். மறுநாள் மேல் ஹோஸை அமுக்கினார். விரலோடு பொடிந்து வந்தது, மாற்றினார். அதற்கடுத்த நாள் வாட்டர் பம்பின் சக்கரம் ஆடியது, அதையும் மாற்றினார். ஒவ்வொரு தடவையும் நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஒரே வசனம்:

"நல்லவேளை சார், இதைத் தொறந்தோம். மூணாவது வளைவுல பொண்ண நடுரோட்ல விட்டிருக்கும்."

ஆறு வருஷமாக "அப்புறம் பாத்துக்கலாம்" என்று இன்ஸ்பெக்டர் தள்ளிப்போட்ட அத்தனையும் எட்டே நாளில் புதிதாகிவிட்டது. வண்டி நாளுக்கு நாள் தேறியது, இன்ஸ்பெக்டர் நாளுக்கு நாள் இளைத்தார். கூலன்ட் மட்டும் சொல்லிவைத்த மாதிரி குறைந்துகொண்டே வந்தது.

(சத்தியமாகச் சொல்கிறேன், இதுவரைக்கும் அது எங்கே போகிறது என்று எனக்கும் தெரியாது. எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்பது எழுதுகிறவர்கள் கிளப்பிவிட்ட வதந்தி.)

5

கடைசி ஆயுதமாகக் காது கூலன்டில் ஒரு சாயத்தைக் கலந்தார்.* நீல வெளிச்சம் பட்டால் அந்தச் சாயம் பளபளக்கும். எறும்பு நுழையாத ஓட்டையில் கசிந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

மறுநாள் ஷட்டரைப் பாதி இறக்கி, இருட்டாக்கி, நீல டார்ச்சை அடித்தார். ஹோஸ் சுத்தம். பம்ப் சுத்தம். ரேடியேட்டரின் நெற்றி சுத்தம். அடியில் கூலன்டை வடிக்கும் திருகாணியை எட்டிப் பார்க்க, பக்கத்தில் நின்றவரிடம், "சார், இந்த டார்ச்சைக் கொஞ்சம் பிடிங்க" என்று நீட்டினார்.

இன்ஸ்பெக்டர் கையை நீட்டினார்.

ஐந்து விரலும் பச்சைப் பசேலென்று ஜொலித்தன. முழங்கைவரை ஒரு ஓடை. காதுமடலில்கூட ஒரு பொட்டு. காலையில் சொறிந்திருப்பார் போலிருக்கிறது.

இரண்டு பேரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானும் பார்த்தேன். ஐயோ மனுஷா என்றாகிவிட்டது எனக்கு.

"கைய சோப்புப் போட்டுக் கழுவுங்க சார்" என்றார் காது, கடைசியில். "வாய்க்குப் போனா விஷம்." அப்புறம் டார்ச்சை அணைத்துவிட்டு, "நாளைக்கும் கொண்டு வாங்க. ஃபேன் பெல்ட்டு இன்னும் பழசாவே இருக்கு" என்றார்.

*இந்த இடத்தை ஒரு நிஜ மெக்கானிக்கிடம் படித்துக் காட்டினேன். "சாயம் சரி. ஆனா எந்த மெக்கானிக் சார் கஸ்டமர் கையில டார்ச்சைக் கொடுப்பான்?" என்றார். கொடுக்காவிட்டால் எனக்குக் கதை இல்லை. மன்னித்துவிடுங்கள்.

6

ஆக, விடிந்தும் விடியாத நேரத்தில், என்ஜின் ஆறிக் கிடக்கும்போது, இந்த மனிதர் வண்டிக்கடியில் படுத்துத் திருகாணியைத் திறந்து கூலன்டைப் பிடித்திருக்கிறார். என் கதையில், என்னைக் கேட்காமல்!

கோபம் வந்து நேராகவே கேட்டுவிட்டேன். "ஏன் சார் இப்படிப் பண்ணீங்க? உங்களை எவ்வளவு நேர்மையான ஆளா எழுதி வெச்சிருந்தேன்!"

"நேர்மை ஆபீஸ்ல இருந்துச்சுங்க" என்றார். "அவ போயிட்டா அந்த வீட்ல கதவைப் படார்னு சாத்தறதுக்குக்கூட ஆள் கிடையாது. எனக்கும் அவ அம்மாவுக்கும் பேச என்ன இருக்கு? மாத்திரை சாப்டீங்களா, சாப்ட்டேன். அவ்ளோதான்."

நான் கழன்றுகொண்டு முடிவுகளை யோசிக்கப் போய்விட்டேன்.

முடிவு அ: தேதி தப்பிவிடுகிறது. மகள் வீட்டிலேயே இருக்கிறாள். தினமும் கதவைப் படாரென்று சாத்துகிறாள். (இவர் கேட்ட சத்தம் இதுவல்ல.)

முடிவு ஆ: காது போட்டுக்கொடுத்துவிடுகிறார். அப்பாவும் மகளும் கட்டிக்கொண்டு அழ (சீச்சீ.)

முடிவு இ: பரண்.

7

ஒன்றாம் தேதிக்கு முந்தின நாள் விடிகாலை. இன்ஸ்பெக்டர் வண்டிக்கடியில். விரல் திருகாணியில். தலைமாட்டில் இரண்டு செருப்புக் கால்கள் வந்து நின்றன.

"அப்பா, வெளிய வாங்க. சட்டையெல்லாம் அழுக்காவுது."

வந்தார். மகள் தரையில் ஒன்பது பாட்டில்களை வரிசையாக வைத்திருந்தாள்.

"சூட்கேஸ் எடுக்கப் பரண்ல ஏறினேன்" என்றாள். ஒரு பாட்டிலைத் தூக்கி, ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். "இருபத்தோராம் தேதி. அறுநூறு மில்லி." அடுத்ததை எடுத்தாள். "இருபத்திரெண்டாம் தேதி. அறுநூறு மில்லி. கையெழுத்துகூடப் போட்டிருக்கீங்க."

"போடாம எப்படிம்மா?" என்றார், தலையைக் குனிந்துகொண்டு.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தாள், சிரிப்பு நின்றபோது கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் போகணும்ப்பா."

"தெரியும்மா."

"அப்ப ஊத்துங்க."

திருகாணியை இறுக்கினார். தானே இன்னொரு தரம் சோதித்தார். பழக்கம். புனலை வைத்து, நேற்று எடுத்ததைக் கோடுவரைக்கும் ஊற்றி மூடியைத் திருகினார். பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து, 'பயணத்துக்குத் தகுதியானது' என்று எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டு ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டினார். ஒட்டியதை இன்னொரு தரம் அழுத்தித் தடவினார்.

"ரெண்டு நாள் ஓடினா அளவு லேசா இறங்கும். உள்ள மாட்டின காத்து வெளிய போகும், அவ்ளோதான். அது லீக் இல்ல. பயந்துடாத."

"நீங்களும் பயந்துடாதீங்க."

8

விடிந்தது, ஒன்றாம் தேதி. சூட்கேஸ் ஏறியாயிற்று. மகள் உள்ளே உட்கார்ந்து என்ஜினைப் போட்டாள். பதினெட்டு வயது வண்டி பதினெட்டு வயதுப் பிள்ளை மாதிரி துள்ளிக்கொண்டு நிற்கிறது. சூடு காட்டும் முள் நட்டநடுவில். அம்மா வாசலில், கையில் தண்ணீர் பாட்டிலோடு (சீட்டு ஒட்டியது). இன்ஸ்பெக்டர் கேட்டின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்கிறார்.

என் மேஜை டிராயரிலும் இந்தக் கதையின் வரைவுகள் ஒன்பது இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் தேதி போட்டிருக்கிறேன். யானை, பாடப் புத்தகம் என்று ஏதோ ஒரு சாக்கு சொல்லி, ஒவ்வொன்றையும் இந்தக் கேட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே நிறுத்தியிருக்கிறேன். எழுத வரவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு மகள்கூடக் கிடையாது.

அவள் ஹார்னை லேசாக ஒரு தட்டு தட்டிவிட்டாள். அவர் தாழ்ப்பாளை நீக்கவில்லை. நானும் அந்த வாக்கியத்தை எழுதவில்லை.

நீங்கள் மூன்றாம் மனுஷர். உங்களுக்குக் கை நடுங்காது. அந்தக் கேட்டைக் கொஞ்சம் திறந்துவிடுங்களேன்.