மூன்றாவது பூச்சு

வியாசர்பாடி குடியிருப்பில் யசோதராவின் வீடு இரண்டாவது மாடியில் இருந்தது. மேல்வீட்டிலிருந்து சுவருக்குள் இறங்கும் குழாய் கசிந்து, படுக்கும் அறைச் சுவரெல்லாம் பூஞ்சை கருப்பாகப் படர்ந்தது. குடியிருப்பு அலுவலகத்துக்கு இரண்டு முறை புகார் எழுதினாள். இரண்டு முறையும் பெயிண்டர்தான் வந்தான். ஒரே மாதத்தில் பெயிண்டை மீறிக் கருப்பு வெளியே வந்தது.

அவள் கணவன் லோகநாதன் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவன். இப்போது மல்லாந்து படுத்தால் மூச்சு இழுத்தது.

"கசிவ அடைக்காம மருந்து மட்டும் கொடுத்து பிரயோஜனமில்ல. பெயிண்ட் அடிச்சா பூஞ்சை மறையும், சாகாதும்மா" என்றார் டாக்டர்.

மூன்றாவது முறை பெயிண்டர் அப்பாவு வாளியோடு வந்தபோது யசோதரா வாசலை மறித்தாள்.

"இன்னும் எத்தினி தபா மூடுவீங்க?"

"அடிக்கச் சொன்னாங்க, வந்தேன்க்கா."

"அந்தம்மா உள்ள வுடலன்னு போய் சொல்லு."

லோகநாதனை அவன் தங்கை வீட்டுக்கு அனுப்பினாள். முகத்தில் ஈரத்துணி கட்டி, சுவரை நனைத்துச் சுரண்டினாள். பூச்சு பொலபொலவென்று விழுந்தது. உள்ளே குழாய் இணைப்பில் சைக்கிள் டியூப் சுற்றி, மேலே சிமெண்ட் அப்பியிருந்தது. கசிவது தெரிந்தேதான் மூடியிருக்கிறார்கள்.

விழுந்ததைப் பையில் அள்ளிக்கொண்டு குடியிருப்பு அலுவலகம் போனாள். இன்ஜினியர் நீலமேகத்தின் மேஜைமேல் வைத்துப் பிரித்தாள். அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார்.

"மூடும்மா! எனக்கு இதெல்லாம் ஒத்துக்காது."

"உனக்கு ஒரு நிமிஷம் ஒத்துக்கல. என் வூட்டுக்காரரு பத்து மாசமா இது பக்கத்துல படுத்துகினு கீறாரு. உள்ள டியூப் சுத்தி மூடுனது யாரு சார்?"

"எழுதிக் குடுத்துட்டுப் போங்க..."

"எழுதி எழுதி கை ஓஞ்சிபோச்சு. ஆள அனுப்பு, போறேன்."

சாயங்காலம்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். ஆள் வரும் என்று அவர் சொன்ன பிறகே எழுந்தாள். மறுநாள் ஆள் வந்தான். நான்காம் நாள் புதுக் குழாய் மாட்டினார்கள்.

சுவர் காய ஒன்றரை மாதம் ஆனது. லோகநாதன் திரும்பி வந்து மல்லாந்து படுத்துத் தூங்கினான். ஆனால் இனி மூட்டை தூக்கக்கூடாது என்றார் டாக்டர்.

"வுடு யசோ, அதான் சரியாய்ட்ச்சே" என்றான் லோகநாதன்.

"இன்னாய்யா சரியாச்சு? உன் நெஞ்ச எவன் திருப்பித் தருவான்?"

வீடு வீடாகக் கசிவைக் குறித்துக்கொள்ள அவள் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கீழ்வீட்டு ரசூல் பீவியின் கதவைத் தட்டினாள்.

"உன் வூட்டு சுவர காட்டுக்கா."