கரும்பலகையில் நான்கு வகை

தேயிலைத் தோட்டத்து ஆரம்பப் பள்ளியில் நாலாம் வகுப்புக்கு அன்று குற்றங்களைப் பற்றிய பாடம். யோகப்பிரியா டீச்சர் கரும்பலகையில் நான்கு வகைகளை எழுதினாள்: திருட்டு, ஏமாற்று, மிரட்டல், அடிதடி. சன்னலுக்கு வெளியே மூடுபனி எதிர்மலையைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டிருந்தது.

"பக்கத்துல இருக்கறவங்க ரப்பரைக் கேக்காம எடுத்தா, அது என்னங்க கண்ணு?"

"என்னங்க கண்ணு" என்று பின்வரிசையில் ஒரு குரல் பழித்தது. வகுப்பு சிரித்தது. பாலக்காட்டுக்குக் கிழக்கே எருத்தேன்பதியிலிருந்து டீச்சர் இந்த வருடம்தான் இடுக்கிக்கு வந்திருந்தாள். அவளுடைய 'ங்க' பிள்ளைகளுக்கு இன்னும் புதுசாகவே இருந்தது.

"திருட்டு டீச்சர். ஆனா நான் எடுத்தா திரும்பக் குடுத்துருவேன். பாதியாத்தான் இருக்கும்" என்றாள் சிவசங்கரி. எதையும் சிரிப்பாக்கிவிடும் பிள்ளை அவள்.

சிரிப்பு அடங்கியதும் முன்வரிசையில் செல்வலட்சுமி எழுந்தாள்.

"வீட்டுக்குள்ள வச்சு அடிச்சாலும் அடிதடியா டீச்சர்?"

"எங்க வச்சு அடிச்சாலும் குத்தந்தானுங்க கண்ணு."

டீச்சர் அடிதடிக்குக் கீழே உதவி எண்ணை எழுதினாள். மறக்காமலிருக்க, இலக்கத்துக்கு ஒரு தட்டாகக் கைதட்டிச் சொல்ல வைத்தாள்.

அன்று சாயங்காலம் செல்வலட்சுமியின் அப்பா முனீஸ்வரன் குடித்துவிட்டு வந்து அவள் அம்மாவின் தலையைச் சுவரில் மோதினான். பிள்ளை அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால் ஓடினாள். கை தட்டாமல், உதட்டை மட்டும் அசைத்து எண்ணைச் சொல்லிக்கொண்டே அழுத்தினாள். போலீஸ் ஜீப் மேடேறி வந்தது.

மறுநாள் டீச்சர் அவளை வகுப்பின் முன்னால் நிறுத்தி, "தைரியமான புள்ளைங்க இவ" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். செல்வலட்சுமி சிரிக்கவில்லை.

டீச்சரின் ஊரில் வீட்டில் இருப்பவர் போனாலும் வீடு போவதில்லை. தோட்டத்து லயத்தில் அப்படியல்ல. அங்கே வீடு கம்பெனிக்குச் சொந்தம். நிரந்தர வேலை யார் பேரிலோ அவருக்குத்தான் சாவி. அது லயத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். டீச்சருக்குத் தெரியவில்லை. ஜாமீனில் வந்த முனீஸ்வரன் லயத்துக்காரர்களின் முகத்தில் விழிக்க முடியாமல் வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டுத் திருநெல்வேலிப் பக்கம் போய்விட்டான். செல்வலட்சுமியின் அம்மா சாந்தம்மாள் கொழுந்தெடுப்பது தற்காலிக வேலையாகத்தான். மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆபீசிலிருந்து ஆள் வந்தது.

டி.சி. வாங்க சாந்தம்மாள் பள்ளிக்கு வந்தபோது நெற்றித் தையல் இன்னும் பிரிக்கப்படவில்லை. செல்வலட்சுமி அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்கக்கா, நான் ஆபீசுல பேசிப் பாக்கட்டுங்களா?"

"யூனியன்காரங்களே பேசிட்டாங்க டீச்சர். வேலைக்காரனுக்குத்தான் வீடு, அவன் போயிட்டான்லங்காங்க." சாந்தம்மாள் குரலை உயர்த்தவில்லை. "அடிச்சான், இல்லங்கல. ஆனா ஒரு சுவத்துக்குள்ள கெடந்தோம். இப்ப திருப்பூர்ல எங்கண்ணன் வீட்டு வாசல்ல போய் நிக்கணும். என்னத்தச் சொல்ல."

டீச்சர் செல்வலட்சுமியின் முன்னால் குனிந்தாள். பிள்ளையே கேட்டாள்.

"நான் செஞ்சது எந்த வகை டீச்சர்?"

"எந்த வகையும் இல்லைங்க கண்ணு. நீ ஒரு தப்பும் பண்ணல."

செல்வலட்சுமி அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். அம்மா ஒருவேளை அதையே சொல்வாளோ என்று பார்த்தாள். சாந்தம்மாள் டி.சி.யை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

படியிறங்கும் முன் பிள்ளை திரும்பி வந்து டீச்சரின் காதருகில் சொன்னாள்: "நம்பருக்குக் கீழ, வீடு போயிரும்னும் எழுதிருங்க டீச்சர். சிவசங்கரி வீட்லயும் அடிப்பாங்க. அவளுக்குத் தெரியட்டும்."

தேயிலைச் சரிவில் இருவரும் இறங்கிப் போனார்கள். முதலில் சாந்தம்மாளின் சேலையும், பிறகு பிள்ளையின் நீலப் பையும் பனிக்குள் மறைந்தன.

டீச்சர் வகுப்புக்குத் திரும்பினாள். பலகையின் ஓரத்தில் அந்த எண் அழிக்கப்படாமலே இருந்தது. ஒரு கையில் டஸ்டரும் மறு கையில் சாக்பீசுமாக அதன் முன்னால் நின்றாள். இரண்டையும் அவளால் பயன்படுத்த முடியவில்லை.

பின்னால் யாரும் பழிக்கவில்லை, சிரிக்கவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். சிவசங்கரி கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அந்த எண்ணைப் பார்க்காமல், காலியான முன்வரிசை இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.