மேல்சரிவுக் காப்பி

மூன்றாவது கோப்பையில் அவள் புருஷன் இருந்தான்.

கரண்டியால் மொண்டு, சத்தமாக உறிஞ்சி, நாக்கு முழுக்கப் பரவவிட்டு வாளியில் துப்பினாள். துப்பிய பிறகும் அது போகவில்லை. காப்பியின் கசப்புக்கு அடியில், கனிந்து பதம் தாண்டிப்போன பழத்தின் வாடை. மேசைக்கு எதிர்ப்புறம் முத்திரை அலுவலக அதிகாரி தன் கரண்டியை உதறிக்கொண்டிருந்தார். கிடங்கின் தகரக் கூரை மேல் மழை விடாமல் கொட்டியது.

பொட்டலத்தில் 'மேல்சரிவுக் காப்பி' என்று போட வேண்டுமானால், கொட்டை மேல்சரிவின் எல்லைக் கற்களுக்குள் விளைந்திருக்க வேண்டும். சட்டம் அதுதான். போன மழைக்கு அந்தச் சரிவே பிடுங்கிக்கொண்டு இறங்கிவிட்டது. செடி, தொட்டி, காயப்போடும் களம், களத்தில் நின்றிருந்த அவள் புருஷன், எல்லாம் மண்ணுக்குள். தோண்டிப் பார்த்ததில் ஒரு மண்வெட்டி கிடைத்தது. அதற்குப் பிறகு யாரும் ஏறக்கூடாது என்று குறுக்கே கயிறு கட்டிவிட்டார்கள்.

இப்போது கொழுந்தன், அவள் புருஷனின் தம்பி, ஓரத்தில் கொஞ்சம் செடி தப்பித்துவிட்டது என்று சொல்லி ஜீப்பில் மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறான். புளுகு என்று கிடங்கில் எல்லோருக்கும் தெரியும். ருசி பார்ப்பது அவள் வேலை, 'நாக்கு' என்பது அவள் பட்டப்பெயர். ஒரே உறிஞ்சில் குட்டை உடைத்துவிடலாம் என்றுதான் மேசைக்கு வந்தாள்.

"இதாம்மா!" என்றார் அதிகாரி. "மண்ணோட குணம். வேற எங்கயும் வராது. இந்தப் பழ வாசனையச் சட்டத்துலயே எழுதி வச்சிருக்கோம்."

மண்ணாவது, குணமாவது. தோலுரித்த கொட்டையைத் தொட்டியில் ஊறப்போட்டால், வழவழப்பு விட்டதும் கழுவிவிட வேண்டும். அள்ளித் தேய்த்தால் கையில் நறநறக்கும், அதுதான் பதம். அவள் புருஷன் அந்த நேரத்துக்கு எழுந்ததே கிடையாது. "ஊறட்டும்டி, கொட்டை என்ன எழுந்தா ஓடப்போவுது" என்று போர்வையை இழுத்து மூடிக்கொள்வான். தொட்டி புளிக்கத் தொடங்கிய பிறகு கொட்டாவி விட்டுக்கொண்டே போவான். சரிவில் பறித்த பழமெல்லாம் அவன் தொட்டிக்குத்தான் வரும். ஒரு சோம்பேறியின் தூக்கத்துக்குச் சட்டம் போட்டுக் காவல் வைத்திருந்தார்கள்.

"மேல போய்க் கல்லையும் செடியையும் பாத்துட்டா முத்திரை குடுத்துடறேன்" என்றார் அதிகாரி. "மழை விடட்டும்."

"அது எங்க சார் விடப்போவுது? ஜீப் நிக்குது, இப்பவே போலாம்" என்றான் வாசலில் நின்ற கொழுந்தன்.

அவள் அவன் சட்டையைப் பிடித்து வறுக்கும் அறைக்குள் இழுத்துப் போனாள்.

"எங்கடா வாங்கினே?"

"கீழ்க்காட்டுக் கொட்டை அண்ணி. நீங்க போட்டுக் குடுத்துடுவீங்கன்னுதான் நெனச்சேன். எப்படி அண்ணி தேறிச்சு?"

"தொட்டியில கிட்டியில ஊறப்போட்டியா?"

"காய்ஞ்ச சரக்க எவனாவது ஊறப்போடுவானா? என்ன லூசுன்னு நெனச்சீங்களா?"

"மேல போனா செடிக்கு எங்க போவ?"

"வேற தோட்டத்துல பிடுங்கி நேத்தே நட்டுட்டேன்."

"கயித்தத் தாண்டினியா, பாவி!"

அவன் குரலைத் தாழ்த்தினான். "அண்ணி, அண்ணன் களம் அப்படியே இருக்கு. மேல மண்ணே இல்ல. யாரோ பெருக்கி வச்ச மாதிரி சுத்தம். அத்தன மழையிலயும் சொட்டு ஈரம் இல்ல. கொஞ்ச நேரம் படுத்தேன். எழுந்து வரவே மனசில்ல."

அவன் முகத்தில் துளி பயம் இல்லை.

"நீங்களும் வாங்களேன்" என்றான். "பாத்துட்டு வந்துடலாம்."

ஜன்னல் வழியே மலை தெரிந்தது. அறுந்த இடத்திலிருந்து செம்மண் இன்னும் கரைந்து வழிந்துகொண்டிருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் இவன் இப்போதே ஏறுவான். முத்திரை கிடைத்துவிட்டால் நாளைக்குப் பழம் பறிக்க ஆட்களும் ஏறுவார்கள். வாயைத் திறந்தால் இவனுக்கு ஜெயில். அவள் ரொம்ப யோசிக்கவில்லை. பிணம் தூக்குவதைவிட ஜெயிலுக்குச் சோறு தூக்குவது மேல்.

மேசைக்கு வந்தாள். "சார், இது போலி. கீழ்க்காட்டுச் சரக்கு. இவனே ஒத்துக்கிட்டான்."

"எனக்கும் ஒரு நாக்கு இருக்கும்மா. அது பொய் சொல்லுமா?"

"நாக்குக்கா சார் முத்திரை குடுக்கறீங்க? வெளைஞ்ச எடத்துக்குத்தானே?"

அவர் கோப்பையை மறுபடி மோந்து பார்த்தார். "அப்ப இந்த வாசனை?"

"அது எங்க வீட்டுக்காரரோட தூக்கம்."

"விளையாடாதீங்க. அவரக் கூப்பிடுங்க, கேப்போம்."

"மேல இருக்காரு சார். மண்ணுக்குள்ள."

அதிகாரி கரண்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

"குடும்பத்துக்கே வேட்டு வச்சிட்டீங்களே அண்ணி!" என்று கத்தினான் கொழுந்தன். அவள் அவன் பையிலிருந்து ஜீப் சாவியை உருவிக்கொண்டாள். அதிகாரியின் வண்டியில் அவனை ஏற்றினார்கள். வண்டிக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தவன் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்தை வளைத்து மலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூட்டைகளுக்குச் சீல் வைக்குமுன் மாதிரி எடுக்க வேண்டும் என்றார் அதிகாரி. அவள் ஒரு சாக்கின் வாயைப் பிரித்துக் கையை விட்டாள்.

கொட்டை சுட்டது. கிடங்கில் மற்றதெல்லாம் மழைக்கு ஜில்லிட்டுக் கிடக்க, இது நடுப்பகல் வெயிலில் களத்திலிருந்து அள்ளிப் போட்ட சூட்டில் இருந்தது. ஒன்றை எடுத்துக் கடித்தாள். நன்றாகக் காய்ந்திருந்தால் பல் பதியாது. பதிந்தது.

"இன்னும் ஒரு வெயில் காட்டணும்" என்றாள், களத்து ஓரத்தில் நின்று வருஷக்கணக்காகச் சொன்ன அதே குரலில்.

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது. சாக்குக்குள் இருந்த கையைச் சுற்றிக் கொட்டைகள் சரசரவென்று புரண்டன. களத்தில் காய்வதைக் கிளறுவதுபோல் அடியிலிருந்து யாரோ பலகை போட்டுப் புரட்டிவிடுகிற மாதிரி, அவசரமே இல்லாமல்.

அவள் கையை உருவினாள். மாதிரியை அதிகாரியிடம் நீட்டிவிட்டு, கோணி ஊசியை எடுத்துச் சாக்கின் வாயைத் தைக்கத் தொடங்கினாள். தையலை நெருக்கிப் போட்டாள். உள்ளே அந்தச் சத்தம் நிற்கவில்லை. இன்னும் நெருக்கிப் போட்டாள்.