முப்பத்தொன்றாவது ஆள்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் எங்கள் கவுண்டியில் மனிதர்களைவிட மாடுகள் அதிகம். 1974-ல் வெர்ன் ஹோலுப் மீது வழக்கு வந்தபோது, அவனைத் தெரியாத பன்னிரண்டு பேரைத் தீர்ப்புச் சொல்லும் ஜூரிக்குப் பிடிப்பது நடக்கிற காரியமாக இல்லை. பக்கத்துப் பண்ணைக் கன்றுகள் ஐந்தை ஓட்டிப்போய் ஏலத்தில் விற்றான் என்று குற்றச்சாட்டு. நிரூபணமானால் சிறை.

அழைப்பு வந்த நாற்பது பேரில் நானும் ஒருத்தி. ஆர்டிஸ் பீடர்சன், விதவை, வயது நாற்பத்தாறு. குடியுரிமை உண்டா, படிக்கத் தெரியுமா, சிறைக்குப் போனதுண்டா, உறவா என்று படிவம் கேட்டது. எல்லாவற்றிலும் எனக்குத் தகுதி இருந்தது. பன்னிரண்டு பேரில் ஒரே ஒருத்தி பிடிவாதமாக நின்றாலும் அவனைக் குற்றவாளி என்று சொல்ல முடியாது. அந்த ஒருத்தியாக இருக்கத்தான் கங்கணம் கட்டிக்கொண்டு போனேன்.

1948 கோடையில் ஒரு சனிக்கிழமை விடாமல் நானும் வெர்னும் போல்கா நடனம் ஆடினோம். என்ன நாட்கள் அவை! அவன் சட்டையில் வைக்கோல் வாசம் போகவே போகாது. ஆட்டம் முடிந்ததும் லாரியின் பின்பலகையில் உட்கார்ந்து தர்பூசணி தின்போம். மனதில் இருந்ததை இரண்டு பேருமே சொல்லவில்லை. இலையுதிர் காலத்தில் லீலண்ட் பீடர்சன் பெண் கேட்டார், சரி என்றேன். லீலண்ட் நல்ல மனுஷர், குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் இன்றும் தர்பூசணி வெட்டினால் அந்தக் கோடைதான் நினைவுக்கு வருகிறது.

வெர்னைத் தெரிந்தவர்கள் கை தூக்கும்படி நீதிபதி சொன்னார். நாற்பது கைகளும் எழுந்தன. அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டார். தெரிந்திருப்பது பரவாயில்லை, மனம் ஒருபக்கம் சாயக்கூடாது என்றார். வெர்னின் மச்சான் வீட்டுக்கு அனுப்பப்பட்டான். வெர்னின் நாய் தன்னை இரண்டு தடவை கடித்தது என்று சொல்லித் தபால்காரர் கழன்றுகொண்டார். ஒரு தடவைதான் என்று வெர்ன் திருத்தினான்.

பதினோரு நாற்காலி நிறைந்த பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். நான் முப்பத்தொன்றாவது ஆள். கை உயர்த்திச் சத்தியம் செய்தேன்.

"அவர்மேல உங்களுக்குத் தனியா பிரியம் எதுவும் உண்டாம்மா?" என்றார் நீதிபதி.

இல்லை என்ற சொல் நாக்கு நுனியில் இருந்தது. வெர்ன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது. லீலண்டுக்குச் சரி சொன்ன மறுநாள், நிஜமாகவே அவரைத்தான் பிடித்திருக்கிறதா என்று இவன் கேட்டான். ஆமாம் என்றேன். இவனை வைத்துக்கொண்டு இன்னொரு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"உண்டுங்க ஐயா. இருபத்தாறு வருஷமா உண்டு."

யாரும் சிரிக்கவில்லை. நான் போகலாம் என்றார் நீதிபதி. என் நாற்காலியில் ஒரு கொல்லர் போய் உட்கார்ந்தார்.

மறுநாளே குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. அடுத்த வாரம் ஒன்றரை வருடம் சிறை என்றார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். சிறைக்கு அழைத்துப் போகும்போது வெர்ன் என் பக்கத்தில் நின்றான்.

"அழாத, ஆர்டிஸ். அன்னைக்கு நீ சொன்ன பொய்க்கு நான் இருபத்தாறு வருஷம் தண்டனை அனுபவிச்சேன். இது ஒன்றரை வருஷம்தானே."