பின்னால் வருகிறவர்கள்

யாழ்ப்பாணத்துச் சனம் முழுவதும் நடந்துகொண்டிருக்கிறது என்று தமிழ் வானொலியில் சொன்னார்கள். இராணுவம் நெருங்கிவிட்டதால் ஒரே இரவில் நகரமே மழையில் வெளிக்கிட்டு, பாலம் கடந்து சாவகச்சேரிப் பக்கம் போகிறதாம். சந்திரவதனாவின் அப்பா கொக்குவிலில் தனியாக இருந்தார். வெளிக்கிட்டாரா, வீம்புக்கு வீட்டிலேயே இருந்துவிட்டாரா? கேட்பதற்கு அங்கே ஒரு போன் இல்லை.

அவள் ரொறன்ரோவுக்கு வந்து மூன்று மாதம். வெக்ஸ்போர்ட்டில் வாடகை வீடு. என்ன செய்வதென்று தெரியாமல் பெரிய பானையில் சோறு வைத்தாள். இடம்பெயர்ந்து ஆட்கள் வந்தால் ஊரில் முதலில் செய்வது அதுதானே. பருப்பும் சம்பலும் வைத்து, சில்வர் பேப்பரில் பார்சல் பார்சலாகச் சுற்றினாள். ஆருக்கு என்று யோசிக்கவில்லை. பிறகு சோபாவில் கண்ணயர்ந்துவிட்டாள்.

தட்டுகிற சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தாள். பொழுதுபட்டுத் தூறிக்கொண்டிருந்தது. வாசலில் பிள்ளைகள். ஒருவனுக்குத் தலையிலிருந்து கால்வரை பண்டேஜ். ஒருத்திக்கு முகமெல்லாம் கரி. எல்லார் கையிலும் தலையணை உறை. தெருவில் இன்னும் பலர் ஈர இலைகளை மிதித்தபடி பைகளோடு நடந்தார்கள்.

வந்துவிட்டார்கள், என்று நினைத்தாள். அதில் அவளுக்கு ஒரு ஆச்சரியமும் இருக்கவில்லை.

“எங்கையிருந்து வாறியள் பிள்ளையள்?”

“கோர்னர் வீடு, அன்ரி,” என்றாள் கரிமுகக்காரி.

“அம்மா, அப்பா?”

“பின்னால வருகினம்.”

“சைக்கிளோட ஒரு வயசான ஆள் வாறாரோ? நல்ல உயரம்.”

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். “தெரியேல்லை, அன்ரி.”

ஆளுக்கொரு பார்சல் கொடுத்தாள். பண்டேஜ்காரன் அதை மூக்கில் வைத்துப் பார்த்து, “வாவ், சுடுது!” என்றான்.

அவளின் கணவன் அன்புராசா வேலையால் வந்தபோது பானை வெறுமையாக இருந்தது. அவன் கையில் ஒரு பை சொக்லேட்.

“ஐயோ, சொல்ல மறந்திட்டன். இண்டைக்கு ஹலோவீன். பெடியள் வேஷம் போட்டு இனிப்புக்கு வருவினம். நீ என்ன குடுத்தனீ?”

“சோறு.”

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். “நாளைக்கு வெக்ஸ்போர்ட் முழுக்க உன்ர சம்பல் கதைதான்!”

மேசையில் ஒரு பார்சல் மட்டும் மிச்சமிருந்தது. அதைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

“மாமாவைப் பற்றி ஏதும்?”

“இல்லை.”

“களைச்சுப்போனாய். வாசல் லைட்டை நூத்தால் ஒருத்தரும் வரமாட்டினம்.” சுவிச்சுக்குக் கையை நீட்டினான்.

“நூக்காதேங்கோ,” என்றாள். “அப்பாவுக்கு இருட்டில கண் தெரியாது.”

அவன் கையை எடுத்தான். கோட்டைக்கூடக் கழற்றாமல் குசினிக்குப் போய் அரிசி கழுவத் தொடங்கினான்.