மாடல் பஸ்ஸுக்குப் பச்சை

அப்பா எங்களோடு வந்து தங்கிய முதல் வாரத்திலேயே ஒரு வார்த்தையை விட்டுவிட்டார். "இந்த வீட்ல பெயின்ட் நாத்தம் போகவே போகாதா?" என் கணவர் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். எவ்வளவு சோப்புப் போட்டாலும் அந்த வாசனை உடம்பை விட்டுப் போகாது. இவர் அன்றோடு மாமனாரிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார்.

அதற்குப் பிறகு எல்லாப் பேச்சும் என் வழியாகத்தான். ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டே, "ஃபேனைக் கூட்டட்டுமான்னு கேளு" என்பார் இவர். "மாப்பிள்ளைக்கு வேர்த்தா கூட்டச் சொல்லும்மா" என்பார் அவர். சூப்பர் மார்க்கெட் கல்லாவில் பகலெல்லாம் நின்று, கால் கடுத்து வருகிற எனக்கு வீட்டில் இது இரண்டாவது வேலை. லீவு கிடையாது.

அப்பா பஸ் ஓட்டினவர். தான் ஓட்டியதைப் போலவே ஒரு பிளாஸ்டிக் மாடல் பஸ்ஸை வாங்கி, துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டிருந்தார். கண் மங்கிவருகிறது. பாதி வேலை விரலால் தடவித்தான். கூரையில் மட்டும் பிரஷ்ஷால் கலர் அடித்துப் பார்த்தார். அவசரத்தில் பூசிய சுவர் மாதிரி வரிவரியாக வந்தது.

"கண்ணு இருக்கும்போதே இத கலரோட பாத்துடணும்மா. மாப்பிள்ளைகிட்ட கேட்டுப் பாரேன்" என்றார்.

மாப்பிள்ளையிடம் அவர் கேட்ட முதல் உதவி அது. இது நல்லபடியாக முடிந்தால் நான் நடுவிலிருந்து கழன்றுகொள்ளலாம் என்று எனக்கு நப்பாசை.

இவர் மறுபேச்சில்லாமல் கிளம்பினார். நானும் போனேன். மாடல் கடைக்காரர் பேனா அளவில் இரண்டு ஏர்பிரஷ் எடுத்து வைத்தார். ஒன்றில் பொத்தானை அழுத்தினால் காற்றும் பெயின்டும் சேர்ந்தே வரும். மற்றதில் அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால்தான் பெயின்ட். "புதுசா பழகறவங்களுக்கு மொதல்ல காட்டினதே போதும்" என்றார். இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் பொறந்ததுலேர்ந்து ஸ்ப்ரே கன் புடிக்கிறேன்" என்று இரண்டாவதை எடுத்தார். பிளாஸ்டிக்குக்குத் தண்ணீரில் கரைகிற பெயின்ட்தான் நல்லது, காற்றையும் குறைத்து வையுங்கள் என்று கடைக்காரர் சொன்னதை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டார்.

பட்டறையிலிருந்து காற்றடிக்கிற சின்ன கம்ப்ரஸரும், மிச்சமிருந்த கார் பெயின்டும், அதைக் கரைக்கிற தின்னரும் வந்தன. பால்கனியில் பழைய பேப்பரை விரித்து, பஸ்ஸை ஒரு டப்பாவின் மேல் நிறுத்தினார். அப்பா நாற்காலியில். நான் வழக்கம்போல் நடுவில்.

முதலில் அழகாகத்தான் விழுந்தது, பளபளவென்று பச்சை. பிறகு அந்தப் பச்சைக்கு அடியில் ஏதோ நெளிந்தது. பஸ்ஸின் ஒரு பக்கம் முழுக்க இளகி, பாலாடை மாதிரி சுருங்கியது. தகரத்தை ஒன்றும் செய்யாத தின்னர் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிட்டது. தகரத்துக்கே அடித்துப் பழகிய கைக்கு அது தோன்றவேயில்லை.

எனக்கு இருவர் மேலும் எரிச்சலாக வந்தது. இவர் என்னைப் பார்த்தார். "உங்கப்பாகிட்ட சொல்லு" என்று வாயைத் திறக்கப்போகிறார் என்று தெரிந்தது.

"என்னால முடியாது. எனக்குத் தெம்பில்ல. நீங்களே சொல்லிக்குங்க" என்றேன்.

கம்ப்ரஸர் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. இவர் அதை நிறுத்தினார்.

"மாமா, ஒரு பக்கம் கெட்டுப்போச்சு. என் தப்புதான்."

அப்பா கையை நீட்டினார். ஈரம் என்று இவர் சொல்லச் சொல்ல, முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை அந்தச் சுருக்கங்களை மெல்லத் தடவினார். விரலெல்லாம் பச்சை. அவர் முகம் தொங்கிப்போனதை நானும் பார்த்தேன், இவரும் பார்த்தார்.

"வெளிப்பக்கத்த நான் எங்க பாத்தேன் மாப்ளே" என்றார் கடைசியில். "உள்ளதான உக்காந்திருந்தேன்."

இவர் சிரிக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு மறுபடி கடைக்குப் போனார்.

மறுநாள் சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது இருவரும் பால்கனியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். கெட்ட பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து ஓரளவு சமன் செய்திருந்தார்கள்.

"காத்தக் குறைங்க மாப்ளே, தெறிக்கிற சத்தம் கேக்குது."

"குறைச்சாச்சு மாமா. பெயின்ட்தான் கெட்டி."

"அப்ப தண்ணி விடுங்க."

"விட்டா வழியும். பேசாம இருங்க கொஞ்சம்."

குரல் ஏறிக்கொண்டே போனது. வழக்கமாக இந்த இடத்தில் நான் உள்ளே புகுந்திருப்பேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சாய்ந்தேன்.

ஏர்பிரஷ் சீறுவது கேட்டது. பிறகு அப்பாவின் குரல்.

"இதுல நாத்தமே இல்லையே."

"தண்ணி பெயின்ட் மாமா."

"இருந்தாலும் பரவால்ல மாப்ளே."

இதைக் கொண்டுபோய்ச் சொல்ல யாராவது என்னைக் கூப்பிடுவார்கள் என்று பழக்கதோஷத்தில் காத்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. அப்படியே தூங்கிப்போனேன்.