ஆடாத கோடு

இலங்கை வானொலி சாயங்காலத்தில் அமுங்கி அமுங்கி எழுகிறது என்று சேலத்தில் யார் அலுத்துக்கொண்டாலும், ரேடியோப் பெட்டி லாசரின் கடைக்குத்தான் வரும். சத்தம் தணிந்தால் தானாகவே தூக்கிப் பிடிக்கும்படி உள்ளே ஓர் இணைப்பைக் கொடுத்துவிடுவான். அப்புறம் பாட்டு, தறியில் இழுத்துக் கட்டிய பாவு மாதிரி விறைப்பாக நிற்கும்.

1966 புது வருஷப் பூசை கழிந்த வாரம், கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கும் ஜெபமலர் ஒரு ரேடியோவைக் கொண்டுவந்தாள். தலைக்கு மேலே போகும் செயற்கைக்கோளின் சத்தத்தை அது பிடிக்கும். ஒரு பேனா அதைக் காகிதச் சுருளில் கோடாக வரையும். வால்வு ஒன்று போயிருந்தது. மாற்றச் சொன்னாள், அவ்வளவுதான்.

லாசர் அவ்வளவோடு விடுவானா? முன்பு அவளைப் பெண் கேட்டுப் போனபோது அவள் அப்பா சவரியார், "ஆராய்ச்சி முடிஞ்சாத்தான் பதில் சொல்லுவாளாம் தம்பி" என்றிருந்தார். வேலை சீக்கிரம் முடியட்டுமென்று, கேட்காமலே அந்த இணைப்பையும் கொடுத்து அனுப்பினான்.

காய்ச்சலில் படுத்திருந்த ஜெபமலர், கல்லூரிப் பியூன் எடுத்து வைத்த சுருளை மூன்று வாரம் கழித்துத்தான் பிரித்தாள். அப்படியே கடைக்கு வந்தாள்.

"என்னங்க இது?"

"ஒரு ஆட்டம் இல்லீங்க டீச்சர்! ரூல்தடி வச்சுக் கிழிச்சாப்புல..."

"செயற்கைக்கோள் ஒரே சீராத்தானுங்க சத்தம் அனுப்புது. இருநூறு மைல் உயரத்துல மின்சாரம் ஏறுன காத்துப் படலம் இருக்குது. அதுல நுழைஞ்சு வாரப்பதான் சத்தம் ஆடுது. அந்த ஆட்டத்தை வச்சுத்தான் நான் படலத்தையே படிக்கறேன். நீங்க ஆகாசத்துக்கே இஸ்திரி போட்டுட்டீங்க!"

பத்து வருஷமாக லாசர் எதிரியாக மல்லுக்கட்டிய அந்த ஆட்டத்தை அவள் விருந்தாளியாக வைத்திருந்தாள்.

"இப்பவே கழட்டிப்போடறேனுங்க."

"கழட்டுங்க. மூணு வாரத்துக் கோட்டை மறுபடி எடுக்கோணும். பிப்ரவரி இருபத்தொண்ணுன்னு சாமியார்கிட்டச் சொல்லி வச்சிருந்தேன்."

"சாமியாருக்கு எதுக்குங்க ரேடியோக் கோடு?"

"கோட்டுக்கில்லீங்க. கல்யாணத்துக்கு."

திருப்புளி கையிலிருந்து நழுவியது. இளித்துக்கொண்டே குனிந்தவன் பாதியில் நின்று விரல்விட்டு எண்ணினான். இருபத்தொன்றோடு மூன்று வாரம் சேர்ந்தால், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசுகாலம் ஆரம்பித்துவிடும். தபசுகாலத்தில் எந்தக் கோவிலில் கல்யாணம் வைப்பார்கள்?

"அப்ப... ஈஸ்டர் கழிச்சுத்தானுங்களா?"

"எல்லாம் யாரு செஞ்ச வேலையோ!" சுருளைச் சுற்றிக்கொண்டே சொன்னாள். "நாளையிலிருந்து காலையில மாடிக்கு வந்துடுங்க. பேனா ஆடுதான்னு பார்க்க ஆள் வேணும்."

மறுநாள் கல்லூரி மாடியில், அந்தச் சத்தம் இன்னும் கொஞ்சம் தாறுமாறாக ஆட வேண்டுமென்று அந்தோணியாரை வேண்டிக்கொண்டு நின்றான், சேலத்தில் பேர்பெற்ற ரேடியோ ரிப்பேர்க்காரன்.